முழங்காவிலுக்கு அப்பால் ஒரு புள்ளி

கனகசபாபதி கதிரையை விட்டு எழுந்து போய், தொலைக்காட்சித் திரையில் வரைபடத்தின் மேல் இருந்த பச்சைப் புள்ளியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். புள்ளி அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முழங்காவிலுக்கு வடக்கே, பூநகரிக்குப் போகிற தெருவில், ஓர் ஊரின் பெயரும் எழுதப்படாத இடத்தில் அவருடைய மகன் கார்த்திகன் நின்றுகொண்டிருந்தான்.

"நெற் ஸ்லோவாக்கும்" என்றார்.

நெற்றில் பிழை இல்லை. மற்றவர்களின் புள்ளிகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. கார்த்திகனுக்குப் பின்னால் வந்த மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும் காலையிலேயே அவனைத் தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலத்தை ஏறிவிட்டன. சாம்பவி அதைப் பார்த்திருந்தாள். மாமனாரிடம் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் அவர்களுடைய வீடு கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடிகள் கிலுகிலுக்கும், மேசையில் இருக்கிற கரண்டியும் சேர்ந்து கிலுகிலுக்கும். இன்றைக்கு அந்தச் சத்தம் வரும்போது ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தொலைபேசி அதிர்கிறது போலவே இருந்தது.

இலங்கையைச் சுற்றுகிற சைக்கிள் ஓட்டம் அது. கொழும்பில், கொச்சிக்கடையில் தொடங்கி, மன்னார், யாழ்ப்பாணம் என்று வடக்கே ஏறி, கிழக்குப் பக்கமாக இறங்கி, தெற்கையும் சுற்றிக்கொண்டு திரும்பக் கொச்சிக்கடைக்கே வர வேண்டும். பின்னால் வாகனம் வராது. தண்ணீர் நீட்ட ஆள் நிற்காது. ஓடுகிறவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்துக் கடையில் வாங்கலாம், மரத்தடியில் படுக்கலாம், பஞ்சரை ஒட்டிக்கொள்ளலாம். தெரிந்தவர்கள் ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் ஆட்டத்தில் இல்லை. வங்கியில் குளிர் அறைக்குள் இருந்து வேலை செய்கிற ஒரு மனிதன் இதற்கு ஏன் ஆசைப்பட வேண்டும் என்பது சாம்பவிக்குக் கடைசி வரை விளங்கவில்லை. ஆனால் அவன் ஆசைப்பட்டான். பட்ட ஆசையை அவள் தடுக்கவும் இல்லை.

போன வருடம் அவனை நிறுத்தியது பஞ்சரோ மழையோ அல்ல. அம்மாவின் இடியப்பம். சரோஜினிதேவி ஒருவருக்கும் சொல்லாமல் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறி, தங்கை வீட்டில் விடிய எழும்பி இடியப்பம் அவித்து, சம்பலும் வைத்துக் கட்டிக்கொண்டு பரந்தனில் தெருவோரமாக நின்றார். அவர்களுடைய ஆட்களில் ஒருவன் சொந்தக்காரரின் படலையைத் தாண்டி வெறும் வயிற்றோடு போனால், அந்தக் கதை கனடா வரைக்கும் போய்த்தான் நிற்கும். அப்படியிருக்க, பெற்றவள் சும்மா இருப்பாளா? கார்த்திகன் முதலில் தாண்டித்தான் போனான். பிறகு திரும்பி வந்து, ஒரு காலை ஊன்றி, பார்சலை வாங்கினான். பின்னால் வந்த இன்னொரு ஓட்டக்காரனின் தலைக்கவசத்தில் கமெரா இருந்தது. அன்று பின்னேரமே அவனுடைய பெயரைப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் தாயை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சரோஜினிதேவிக்குத் தாங்க முடியாமல் போனது. இடியப்ப உரலைக் கழுவித் துடைத்து மேல் தட்டில் வைத்தவர், அதற்குப் பிறகு கீழே இறக்கவே இல்லை.

இந்த வருடம் பெயர் கொடுக்கும்போதே, இன்னொரு முறை பிழை வந்தால் இனிச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஓட்டத்துக்கு முதல் நாள் கொச்சிக்கடையில், அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட இருந்த ஒரு மண்டபத்தில் சைக்கிள்களைச் சோதித்தார்கள். சாம்பவியும் போயிருந்தாள், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவள் அவள்தான் என்பதால். பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷிராஸ், மருதானையில் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவர். பிரேக்கை இறுக்கிப் பார்த்தார், முன் லைட்டையும் பின் லைட்டையும் எரித்துப் பார்த்தார், வெளிச்சத்தில் மினுங்குகிற சட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னார். இருக்கிற இடத்தைக் காட்டும் சின்னக் கருவியைக் கார்த்திகன் சைக்கிளில் பூட்டியிருந்தான். ஷிராஸ் அதைக் கழற்றி அவனுடைய முதுகுப் பையில் போட்டு ஸிப்பை இழுத்தார்.

"சைக்கிள் எங்க ஈக்கிண்டு எங்களுக்கு வாண. ஆள் எங்க ஈக்கிண்டுதான் வேணும்."

பிறகு சாம்பவியிடம் திரும்பினார். "சிஸ்டர், புள்ளி நிண்டா பயப்பட வாண. தூங்குவாங்க, பஞ்சர் போடுவாங்க. கடையில சல்லி குடுத்து வாங்கலாம், யாரிட கடையா ஈந்தாலும் சரி, எல்லாருக்கும் தொறந்து ஈக்கணும், அவ்வளவுதான். உசிருக்கு ஏதும் எண்டா மட்டும் ரூல் ஒண்டுமே இல்ல. யாரு வேணுமெண்டாலும் போய்த் தூக்கலாம்."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து காரில் இருந்தபடி, குடும்பத்து வட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிந்து அனுப்பினாள். ஒருத்தரும் றோட்டில நிக்கக்கூடாது. ஒருத்தரும் ஒண்டும் குடுக்கக்கூடாது. கண்டாலும் காணாத மாதிரி இருக்கோணும். இந்த முறை அவரை ஓட விடுங்கோ. உயிரைப் பற்றி ஷிராஸ் சொன்னதை அவள் வேண்டுமென்றுதான் விட்டாள். அந்தக் குழுவில் இருந்தவர்களை அவளுக்குத் தெரியும். அவன் ஒரு தும்மல் தும்மினாலும் அது அவர்களுக்கு உயிர் போகிற விஷயம். கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் முழுச் சனமும் சொதிச் சட்டியோடு உள்ளே வந்துவிடும். யாருடைய கடையிலும் காசு கொடுத்து வாங்கலாம் என்றதையும் விட்டாள். அது அவளுக்கு முக்கியமாகப் படவில்லை.

வெளிக்கிடும்போது கார்த்திகன் சொன்னதும் அவளுடைய காதில் இருந்தது. "கருவியில சிவப்புப் பட்டன் ஒண்டு இருக்கு. ஏலாமப் போனா நானே அமத்துவன். அமத்தாட்டி நல்லா இருக்கிறன் எண்டு நினையும். ஒருத்தரையும் அனுப்பிப்போடாதையும் சாம்பவி."

சிவப்புப் பட்டன் அமத்தப்படவில்லை. அப்படியென்றால் அவன் நன்றாக இருக்கிறான். காலையில் இருந்து அவள் தனக்குத் தானே இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏற அந்த வசனம் வேலை செய்யாமல் போனது. பங்குனி வெயில் கொழும்பிலேயே தாரை இளக்கியது. முழங்காவில் பக்கத்துத் தெருவை அவளுக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் காரில் போயிருக்கிறாள். இரண்டு பக்கமும் பற்றைக்காடும் வெளியும். நிழல் என்று சொல்ல எப்போதாவது ஒரு பாலை மரம். நிற்கிறவன் ஏன் அந்த இடத்தில் நிற்கிறான்? படுக்கிறதென்றால் முழங்காவிலிலேயே படுத்திருக்கலாமே.

அவனுடைய தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சார்ஜ் மிச்சம் பிடிக்க அப்படித்தான் வைப்பேன் என்று முதலே சொல்லியிருந்தான்.

சாம்பவி சமையலறைக்குப் போனாள். சரோஜினிதேவி பயற்றங்காயை முறித்துக்கொண்டிருந்தார். முறித்து முடித்தவற்றையே எடுத்து இன்னும் சின்னதாக முறித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, சின்ன மாமாவுக்கு ஒருக்கா எடுத்துக் கேக்கட்டோ?"

சின்ன மாமா என்றது கனகசபாபதியின் தம்பி இராஜநாயகத்தை. முழங்காவிலைத் தாண்டி, அதே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு.

"என்னைக் கேக்காதை பிள்ளை" என்றார் சரோஜினிதேவி, தலை நிமிராமல். "நான் போன முறை செய்தது காணும். நான் வாயே திறக்க மாட்டன்."

எடுத்தால் அவர் போய்ப் பார்ப்பார். போய்ப் பார்த்தால் கையில் எதையாவது கொண்டுதான் போவார். அவன் நித்திரையில் இருந்து எழும்பி, பக்கத்தில் சித்தப்பா இளநீரோடு நிற்பதைக் கண்டால் என்ன நினைப்பான்? இந்த முறையும் நீங்கள் விடவில்லை என்று ஒரு பார்வை பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். அந்தப் பேசாமையோடு அவள்தான் ஒரே வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே அவள் பின் வாசலுக்குப் போய் இலக்கத்தை அமத்தினாள். ஒரே மணியில் எடுத்தார்.

"ஓம் பிள்ளை, சொல்லு." இராஜநாயகத்தின் குரல் நல்ல உற்சாகமாக இருந்தது. "உன்ரை ஓடர்ப்படிதான் எல்லாம் நடந்தது. ஒரு பிழையும் வரேல்லை."

"என்ன நடந்தது மாமா?"

"அவன் வாற நேரம் ரீவியில பாத்துக்கொண்டெல்லோ இருந்தனாங்கள். கிட்ட வந்திட்டான் எண்டோடனை கடையைப் பூட்டிப்போட்டன். சொந்தக்காரன்ரை கடையில வாங்கினான் எண்டு பிறகு ஒரு கதை வரக்கூடாதெல்லோ. ஷட்டரை இழுத்துவிட்டிட்டு நானும் சின்ன மாமியும் உள்ளுக்க இருட்டுக்க இருந்தனாங்கள்."

மாமிக்குக் கேட்காமல் சாம்பவி கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வந்தவன், நிண்டவன் பிள்ளை. ஷட்டரில தட்டினவன். ரெண்டு மூண்டு தரம் தட்டினவன். 'ஆரும் இருக்கிறியளோ, தண்ணிப் போத்தில் ஒண்டு வேணும், காசு கையில வைச்சிருக்கிறன்' எண்டு, ஆரோ தெரியாத ஆக்களிட்டைக் கேக்கிற மாதிரிக் கேட்டவன். குரல் ஒரு மாதிரி அடைச்சுக் கிடந்தது. சின்ன மாமி எழும்பப் பாத்தவ. நான் கையைப் பிடிச்சு இருத்திப்போட்டன். மூச்சுக்கூட விடேல்லை நாங்கள்." கொஞ்சம் நிறுத்தி, பெருமையாகவே சொன்னார். "இந்த முறை ஒருத்தனும் எங்கடை பிள்ளையைப் பிழை பிடிக்கேலாது."

சுவரில் சாய்ந்துகொண்டாள். அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. என்னவென்று திட்டுவது? அவள் சொன்னதைத்தான் அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்.

"மாமா, அதுக்கங்கால கடை இருக்கோ?"

"வேறை எங்கை? என்ரைதான் கடைசி. இனிப் பூநகரிதான்." சொல்லி முடித்தவருக்கு அதற்குப் பிறகுதான் தன் வாயில் இருந்து வந்தது விளங்கியிருக்க வேண்டும். குரல் இறங்கியது. "ஏன் பிள்ளை? அவன் நிக்கிறது... படுத்திருக்கிறான் எண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்."

"மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்கோ. தண்ணி கொண்டு போங்கோ. இப்பவே."

"அப்ப அவன்ரை றேஸ்?"

"போகட்டும் மாமா. நீங்கள் போங்கோ."

ஷிராஸுக்கு எடுத்தாள். அவரும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தங்களுடைய வாகனம் மன்னாரில் இருந்து வந்துகொண்டிருக்கிறது என்றார். பட்டன் அமத்தாததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் தாங்களும் நினைத்ததாகச் சொன்னார். யாராவது போகிறார்களா என்று கேட்டார். போகிறார் என்றாள். "நல்லம். எவ்வளவு கெதியா ஏலுமோ" என்று சொல்லி வைத்தார். வாண, பயப்பட வாண என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. சாம்பவி அதைக் கவனித்தாள்.

முன்னறையில் இருந்து கனகசபாபதி கூப்பிட்டார்.

"பிள்ளை, ஓடி வா. வெளிக்கிட்டிட்டான்."

அவள் ஓடினாள். உண்மைதான். பச்சைப் புள்ளி இருந்த இடத்தில் இல்லை. கொஞ்சம் மேலே தள்ளி, பூநகரிப் பக்கமாக நின்றது. கனகசபாபதி கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். காலையில் இருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதில் அவருடைய முகம் இளகிப் போயிருந்தது. வட்ஸ்அப் குழுவில் அத்தைமாரும் மச்சான்மாரும் கை தட்டுகிற படங்களைப் போடத் தொடங்கினார்கள். ரொறொன்ரோவில் இருந்து ஒருத்தி விளக்குக் கொளுத்திய படம் அனுப்பினாள். சாம்பவிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். சின்ன மாமாவைத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டும், அவன் காணுவதற்கு முதல் சொல்ல வேண்டும் என்று தொலைபேசியை எடுத்தாள்.

புள்ளி மறுபடியும் நகர்ந்தது. அது ஊர்ந்து போகிற புள்ளி. மூன்று நாட்களாக அதைப் பார்த்துப் பார்த்து, திரை மாறுகிற ஒவ்வொரு முறைக்கும் அது எவ்வளவு நகரும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது, திரையில் ஓர் அரிசி அளவு. இப்போது அது ஒரு பெருவிரல் அளவு தாண்டி நின்றது.

"இப்பதான் பிடிச்சிருக்கிறான்" என்றார் கனகசபாபதி. "நல்லாப் படுத்து எழும்பினதில உடம்பு தேறியிட்டுது. என்ன வேகம் போறான் பார்."

தொலைபேசி அவளுடைய கையில் இருந்தபடியே அடித்தது. இராஜநாயகம். பின்னால் காற்று இரைந்தது.

"நான் வந்து நிக்கிறன் பிள்ளை. இஞ்சை ஒருத்தரும் இல்லை." அவருக்கு மூச்சு வாங்கியது. "சைக்கிள் நிக்குது. மரத்தில சாத்தி வைச்சிருக்கு. தொப்பியும் அந்த மினுங்கிற சட்டையும் ஹாண்டிலில கொழுவிக் கிடக்கு. தண்ணிப் போத்தில் ரெண்டும் கீழை கிடக்கு, மூடி இல்லாமல். ஆள் இல்லைப் பிள்ளை. ஏதோ பெரிய வாகனம் நிண்ட தடம் கிடக்கு. ஆர் வந்தது? ஆரையும் அனுப்பினியோ?"

அவள் ஒருவரையும் அனுப்பவில்லை. புள்ளி காட்டுவது சைக்கிளை அல்ல, முதுகுப் பையோடு இருக்கிற அவனை. விதிகள் ஒன்றும் தெரியாத யாரோ ஒருவர் அந்த வழியால் வந்திருக்க வேண்டும். வந்து, பார்த்து, நிறுத்தியிருக்க வேண்டும். எப்படிக் கண்டார்கள், அவன் ஏதாவது கதைத்தானா, அவனாகவே எழும்பி ஏறினானா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

"மெய்யே பிள்ளை, ஓடுறானோ?" சமையலறை வாசலில் சரோஜினிதேவி வந்து நின்றார். கையில் இன்னும் ஒரு பயற்றங்காய் இருந்தது. சாம்பவி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஓடுறானோவோ?" என்றார் கனகசபாபதி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பறக்கிறானப்பா."

சரோஜினிதேவி கண்களை மூடி, நெஞ்சில் கை வைத்து, உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தார். உள்ளே திரும்பிப் போனார். ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. மேல் தட்டில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டின. வருகிறவனுக்கு என்று, ஒரு வருடத்துக்குப் பிறகு, இடியப்ப உரல் கீழே இறங்கியது.

பூநகரிச் சந்தியில் ஓட்டப் பாதையைக் காட்டுகிற சிவப்புக் கோடு இடது பக்கமாக வளைந்து, பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போனது. பச்சைப் புள்ளி வளையவில்லை. கோட்டை விட்டு வலது பக்கமாக இறங்கி, ஆஸ்பத்திரி இருக்கிற கிளிநொச்சிப் பக்கமாக ஒரு தாண்டல் தாண்டியது. பிறகு இன்னொன்று.

"பாதை மாறிப்போட்டான் போலை கிடக்கு" என்று கனகசபாபதி எழுந்து போய், திரையில் அந்தப் புள்ளியை விரலால் பிடித்துக் கோட்டுக்குத் தள்ளிவிடப் பார்த்தார்.