ஏழாம் கத்தம் வரைக்கும்

பாலாவிச் சந்தியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாரதி திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஜனாஸாவ எந்த வூட்டுக்குக் கொண்டு போற?"

அஸ்ரியா உம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். வளைவுகளில் உடல் நகராதிருக்கப் போர்த்திய துணிமேல் ஒரு கையை வைத்திருந்தாள். ஆசுபத்திரியில் கேட்டபோது கற்பிட்டி என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். கற்பிட்டியில் அவளும் உம்மாவும் படுத்துக் கிடந்தது அக்மல் முதலாளியின் வெங்காய ஸ்டோரில், சாக்குகளுக்கு நடுவே. அங்கே ஒரு மையத்தைக் குளிப்பாட்ட முடியாது.

"சாச்சிட வூட்டுக்கு," என்றாள். "பள்ளிவாசலுக்குப் பின்னால, ஜபார் ஹாஜியார்ர வூடு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"மௌத்தானது தெரியும்."

சாரதி தன் போனை நீட்டினார். அவள் சாச்சிக்குச் சொல்லி முடித்ததும் வண்டியைக் கற்பிட்டிப் பாதையில் திருப்பினார்.

வாப்பா வீட்டை விற்றுவிட்டு, வேறு கலியாணம் முடித்து வண்ணாத்திவில்லுக்குப் போனபோது, உம்மா றைஸா முதலில் போய் நின்றது தங்கை கமீலாவின் வாசலில்தான். நோன்பு முடியும்வரை வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் ஜபார் சாச்சா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வளந்த பொடியனுகள் இரிக்கிற வூடு மதினி. அஸ்ரியாவும் குமரு. ஊர் கதைக்கும்."

அடுத்துத் தங்க இடம் கேட்டுப் போன அரசாங்க அலுவலகத்தில் பெண்களுக்குப் பொறுப்பாயிருந்த மேடம் நல்ல மனுஷி. கதிரை தந்து, பல இடங்களுக்குப் போன் எடுத்தார். புருஷன் அடித்தால் சேர்க்கும் இல்லம் ஒன்று இருந்தது. வாப்பா ஒருநாளும் அடித்ததில்லை. முதியோர் இல்லத்துக்கு உம்மாவின் வயது போதவில்லை. சிலாபத்துப் பக்கம் ஓரிடத்தில் மகள் இல்லாமல் வந்தால் எடுப்பதாகச் சொன்னார்கள். இன்சுலின் போடுகிறவர் என்றதும், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து வெயிலில் நின்றபோது உம்மா கேட்டாள்: "அடிச்சாரெண்டு சொல்லியிருக்கலாமா புள்ள?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அஸ்ரியா பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

கடைசியில் வேலையோடு படுக்கவும் இடம் கிடைத்த வெங்காய ஸ்டோரில் பிரிஜ் இல்லை. ஊசிமருந்தைச் சந்தியிலிருந்த சாப்பாட்டுக் கடையில், சோடாப் போத்தல்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் உம்மா நடந்துபோய் அங்கேயே போட்டுக்கொண்டு வருவாள். கடைக்காரர் குடும்பத்தோடு உம்றாவுக்காக மக்கா போய்விட்டது அஸ்ரியாவுக்குத் தெரியாது. உம்மா வழமைபோலப் போனாள், வழமைபோல வந்து வெங்காயம் துப்புரவாக்க உட்கார்ந்தாள். கேட்டால், "போட்டுட்டன்" என்றாள். முதலாளியிடம் இன்னுமொரு உதவி கேட்டால் இருக்கிற இடமும் போய்விடும் என்று பயந்தாளோ, மருந்தை எங்கே வைத்தாய் என்று கிளினிக்கில் கேட்பார்கள் என்று வெட்கப்பட்டாளோ. மயங்கி விழுந்த பிறகுதான் கடை பூட்டிக் கிடந்த கதை வெளியே வந்தது.

வண்டி போய்ச் சேர்ந்தபோது ஜபார் சாச்சா கேற்றின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருந்தார். ஹோலில் ஒரு சாமானும் இல்லை. கட்டில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மேலே மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தார்கள். கமீலா "ராத்தா, ராத்தா" என்று உம்மாவின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். அந்த அழுகையில் பொய் இருக்கவில்லை.

"ஹாஜியார் நல்ல மனுசன்," என்று பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். "ஆருமில்லாத மையத்தயும் எடுத்துச் செய்யிறார்."

கால்மாட்டில் இருந்த அஸ்ரியா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அஸ்ரியாவை யாரென்று தெரியவில்லை.

மையத்துக் குளிப்பாட்டும் றஹ்மா பின்வளவில் நாலு பக்கமும் சீலை மறைத்து, சுடுதண்ணீரைப் பதம் பார்த்து வாளியை அஸ்ரியாவிடம் தந்தாள். உம்மாவின் நகங்களுக்குள் வெங்காயச் சருகு இருந்தது. றஹ்மா ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஸ்டோர்க் கிணற்றடியில், ஆண்கள் வேலைக்கு வருமுன், உடுத்த உடுப்போடு அஸ்ரியா அள்ளி ஊற்ற இரண்டு வாளியில் முடித்துக்கொண்டு ஓடிவருவதுதான் உம்மாவின் குளிப்பாக இருந்தது. அஸ்ரியாவின் கை பழக்கத்தில் வேகமாக ஊற்றியது.

"மெதுவா ஊத்துங்க மகள்," என்றாள் றஹ்மா. "ஆரும் வரமாட்டாங்க."

ழுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். அடக்கிவிட்டு வந்த அக்மல் முதலாளி கேற்றடியில் அஸ்ரியாவைக் கூப்பிட்டார். மையத்துக்குச் சுற்றிய கபன் துணி அவர் வாங்கித் தந்ததுதான்.

"உம்மாவும் கூட இரிந்ததால ஸ்டோர்ல விட்டன் மகள். தனிய ஒரு குமர அங்க படுக்க விடேலா. ஒண்டு நடந்தா எனக்கும் பேச்சு. வேலைக்கு வாங்க, அதுக்கு ஒரு தடையுமில்ல."

"சாமான் அங்க இரிக்கி," என்றாள்.

"பேக்க அனுப்பி வைக்கிறன்."

பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் வந்தவர்கள் கலைந்தார்கள். உம்மா கிடந்த கட்டிலைக் கழற்றிக்கொண்டு போன இடத்தில் அஸ்ரியா உட்கார்ந்திருந்தாள். கமீலா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தாள். அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன.

"ஏழாம் நாள் கத்தம் ஓதி முடியிற வரைக்கும் இரி புள்ள. நான் சாச்சாட்ட கதைச்சிட்டன்."

"அதுக்குப் பொறகு, சாச்சி?"

கமீலா முந்தானையைச் சுருட்டிப் பிடித்தாள். பின்வளவில் யாரோ சட்டி கழுவும் சத்தம் கேட்டது.

"குடி. ஆறப் போகுது," என்று எழும்பிப் போனாள்.

சாச்சியின் மகன்மார் ஹோல் சாமான்களைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கினார்கள். முதலில் பெரிய செற்றி வந்தது. அஸ்ரியா சுவரோரம் நகர்ந்தாள். அலுமாரி வைப்பதற்குச் சுவரோரம் வேண்டியிருந்தது. வாசலுக்குக் கிட்டப் போனாள். பிறகு ரீவி வைக்கும் மேசை. கடைசியில் இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்த மூத்தவன், அவளை நேரே பார்க்காமல், வாசலில் தயங்கி நின்றான்.

அவள் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பி, அவனுக்கு வழிவிட்டு முற்றத்தில் இறங்கினாள்.