மோளேக்கு முன் ஒரு மூச்சு

உஸ்மான்கோயாவுக்கு வலது முட்டி விண்விண்ணென்று தெறித்தது. கோழிக்கோட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷனுக்கு வேறென்ன மிஞ்சும்? காலையிலிருந்து ஏழு பேர். அவர்கள் செய்கிற தப்புக்கெல்லாம் இவர் பிரேக் போட வேண்டும். மதியச் சோறு தொண்டையில் இறங்கும் முன் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தால், இங்கேயும் அதே பிழைப்புதான்.

பாட்டுக் குழுவில் நாலு பேர். சுலைகா தோஹாவில் பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை ஏற்றி, பின் சீட்டில் வியர்த்து வழியப் பாடி அனுப்புவாள். வயலின் ஜயராஜன் மஸ்கட்டில். ஹார்மோனியம் இவர், மற்றவர்களுக்கெல்லாம் 'கோயாக்கா' என்கிற அண்ணன். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதிந்து அனுப்புவதை ஒன்றாகச் சேர்ப்பதும் இவர்தான். சேர்க்க வசதியாக எல்லோரும் ஆரம்பத்தில் ஒரு தடவை கைதட்ட வேண்டும் என்பது சட்டம்.

நாலாவது ஆள் தபலா பீரான். சார்ஜாவில் ஒரு டீக்கடையில் சமையல். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வாசித்து அனுப்புவான். கூடவே அவன் இருமலும் ஃப்ரிட்ஜ் இரைச்சலும் வரும். "அதைக் கொஞ்சம் அணைச்சாத்தான் என்னடா?" என்றால், "முதலாளி என்னை அணைச்சிடுவான் கோயாக்கா" என்பான். மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் இவருக்குப் பொறுமை போய்விட்டது. "உன் கைக்குப் பதிலா ஒரு மெஷினே போதும்" என்று எல்லோரும் கேட்கும்படி குழுவில் பேசிப் போட்டுவிட்டார். பீரான் அன்றைக்கே குழுவைவிட்டுப் போய்விட்டான். இவரும் வீம்புக்கு மெஷின் தாளத்தையே வைத்து, எல்லோரும் காதில் போட்டுக்கொண்டு பாடப் புதிய பதிவு ஒன்றை அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சுலைகாவின் மகள் ரஸ்னாவுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய மயிலாஞ்சி. சுலைகாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மகளின் கையில் மருதாணி வைக்கிற வீட்டில் தாய்க்கு இருக்கிற ஒரே இடம், 'மோளே' என்று மகளைக் கூப்பிடுகிற இந்தப் பாட்டுதான். இன்றைக்குப் புதன். பாட்டோ சேரவே மாட்டேன் என்கிறது. கைதட்டலுக்குக் கைதட்டல் சரியாகப் பொருத்தினாலும், இரண்டாவது அடி வருவதற்குள் மெஷின் ஒரு பக்கம், சுலைகா ஒரு பக்கம்.

அலுத்துப்போய் அவளைக் கூப்பிட்டார்.

"சுலைகா, நீ தாளத்துக்குப் பின்னாடியே இழுக்கிறே மோளே."

"ஏழு தடவ பாடிட்டேன் கோயாக்கா. பஸ்ஸுக்குள்ள வெந்து புட்டாயிட்டேன். இனிமே என்னால ஆகாது." பஸ் கண்ணாடியை இறக்குகிற சத்தம். "வேண்டாம், விட்டுடுங்க. அவ கல்யாணத்துக்கு நான் வாயும் திறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு போல."

போனை வைத்த பிறகு இவருக்கு அழுகை வந்தது. போதும், இந்தப் பாட்டுக் கடையை இன்றோடு மூடிவிடலாம் என்று தோன்றியது.

கடைசியாக ஒரு தடவை அவள் குரலை மட்டும் தனியாக வைத்துச் சத்தத்தை ஏற்றினார். ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுவது அவள் வழக்கம். அந்தப் பக்கத்து ஹெட்ஃபோனிலிருந்து கசிந்தது மைக்கில் விழுந்திருந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே, கொசு மாதிரி, ஒரு தபலா. அதன் அடியில் ஃப்ரிட்ஜ் இரைச்சல். ஒரு இருமல்.

அடிப் பாவி! சண்டைக்கு முன்னால் மாதிரிக்கென்று பீரான் அனுப்பிய பழைய பதிவைப் போட்டுக்கொண்டல்லவா பாடியிருக்கிறாள்!

ஜயராஜனின் வயலினையும் தனியாகக் கேட்டார். அதிலும் பீரான் இருமினான்.

"எடா ஜயராஜா, எதைக் கேட்டு வாசிச்சே?"

"நீங்க அனுப்பின புதுசுதான்."

"பொய் சொல்லாதே. சுலைகா பாட்டுல மாதிரியே இதுலயும் ஃப்ரிட்ஜ் கேக்குது."

ஜயராஜன் சிரித்துவிட்டான். "சரி, மாட்டிக்கிட்டேன். 'மோளே'ன்னு பாடுறதுக்கு முன்னாடி சுலைகா சேச்சி ஒரு மூச்சு எடுப்பாங்க. அந்த இடத்துல மெஷின் நிக்குமா? பீரான் நிப்பான். நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கலை கோயாக்கா. சத்தியமா."

உஸ்மான்கோயா தன் ஹார்மோனியத்தைப் போட்டுப் பார்த்தார். மெஷினைக் கேட்டு இவரே வாசித்தது. 'மோளே' வருகிற இடத்தில் இவர் விரலும் மெஷினை விட்டு அரை நொடி நின்றிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பழைய பதிவையே எடுத்து ஒட்டிவிடலாம், யாருக்குத் தெரியும்? ஆனால் மெஷின் என்று சொல்லி விரட்டியவனின் கையைத் திருடி வைப்பதற்கு மனசு ஒப்பவில்லை. பீரானைக் கூப்பிட்டார்.

"என்ன கோயாக்கா, மெஷின் ரிப்பேரா?"

"ரிப்பேரானது நான்தான்டா. பேசக் கூடாததைப் பேசிட்டேன். சுலைகா மூச்சு எடுக்கிற இடத்துல நிக்கிறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல."

எதிர்முனையில் தட்டு கழுவுகிற சத்தம் நின்றது.

"மயிலாஞ்சி எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"சுலைகா சேச்சி குரலை மட்டும் அனுப்புங்க. அந்த மெஷின் கூட வந்துச்சுன்னா, நான் அங்க வந்து உங்க தலையிலதான் வாசிப்பேன்."

உஸ்மான்கோயா உடனே அனுப்பினார். பீரான் போனை அணைக்காமலேயே எங்கோ வைத்தான். மூட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. பழகிப்போன அந்த ஃப்ரிட்ஜ் இரைச்சல் சட்டென்று நின்றது.

"எடா, முதலாளி?"

"பால் திரியறதுக்குள்ள முடிச்சிடுவேன். சும்மா இருங்க."

பீரான் இருமினான். பிறகு ஒரே ஒரு தடவை கைதட்டினான்.