அந்த ஒருத்தன்

வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். கிளர்ச்சிக்காரர்களை அடக்கப் போன அமெரிக்கப் படை அதிகம் இழந்தது வியட்நாமிலா, ஆப்கானிஸ்தானிலா என்பது தலைப்பு. குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவதைப் பேச ஊரில் ஒரு நாதியில்லை. அமெரிக்காவின் நட்டத்தைப் பேச மேடை நிறைய ஆள்.

நிஷாந்தி முன்வரிசையில் இருந்தாள். ஆப்கானிஸ்தான் அணியின் நல்லமுத்துவை முறைக்கத்தான் வந்திருந்தாள். அட்டன் டவுனில் வெளிநாட்டு வேலை ஏஜென்சி நடத்தும் அவர்தான் அவள் அண்ணன் திலக்ஷனை ஆப்கானிஸ்தானில் அமெரிக்க முகாமில் சமையல் வேலைக்கு அனுப்பியவர். ரொக்கெட் விழுந்து அவன் செத்ததும், "நான் அனுப்பவே இல்ல, அவனாத்தான் போனான்" என்று இதே கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். ஊரும் நம்பியது. பேராசையில் ஓடிப்போய்ச் செத்தவன் என்று அவள் அம்மா ராசம்மாவின் காதுபடவே பேசியது.

வியட்நாம் அணியின் சர்மிளா டீச்சர் விளாசித் தள்ளினார். "வியட்நாம்ல அம்பத்தெட்டாயிரம் சிப்பாய்ங்க! ஆப்கானிஸ்தான்ல ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். நல்லமுத்து ஐயா இதுக்கு மேல என்ன பேசப் போறாரு?"

கூட்டம் விசிலடித்தது. நல்லமுத்துவுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. மைக்கைப் பிடுங்கினார்.

"டீச்சர் சிப்பாய மட்டும் எண்ணுறாங்க! சோறாக்குனவன், லொறி ஓட்டுனவன் செத்தத யாரு எண்ணுனா? சிப்பாய விட அவங்கதான் அதிகமாச் செத்தாங்க! எனக்குத் தெரியாதா? இந்தத் தோட்டத்துல இருந்தே நாலு பேர நான்தான் அனுப்புனேன். அதுல ஒருத்தன் திரும்பி வரல!"

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்குக் கெட்டதே தெரியவில்லை. சிரித்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

நிஷாந்திக்கு அந்த ஆளைக் கடித்துக் குதறலாம் போல ஆத்திரம். விறுவிறுவென்று மேடையேறினாள். நடுவர் பொன்னையா மாஸ்டர் மணியை அடித்தார்.

"இந்தாம்மா, கேக்க வந்தவங்க பேசக்கூடாது."

"நான் பேச வரல மாஸ்டர். இவரத்தான் பேசச் சொல்றேன்." நல்லமுத்துவின் பக்கம் திரும்பினாள். "திரும்பி வராத அந்த ஒருத்தன் பேரு என்ன?"

கைதட்டல் நின்றுபோயிற்று. நல்லமுத்து மைக்கைக் கீழே வைக்கப் பார்த்தார். அவள் அவருடைய கையோடு சேர்த்து அதைப் பிடித்து வாய்க்கு நேரே தூக்கினாள்.

"சொல்லுய்யா. எங்கம்மா பின்னால உக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லு."