தொடக்கூடாத பச்சைச் சட்டை

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தில் அறுபது கஜத்துக்குப் பந்தை வீசிய அன்றே என் மகன் கெல்லன் ஊருக்கே பிள்ளையாகிவிட்டான். இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். ஒரு நிஜ ஆட்டத்தில்கூட முதல் ஆளாகக் களமிறங்கியதில்லை. ஆனாலும் ஆட்டப் பருவத்தின் முதல் சனிக்கிழமை, மைதானத்து வண்டி நிறுத்துமிடமெங்கும் அவனுடைய பதினான்காம் எண் சட்டைகள். முதுகில் எங்கள் குடும்பப் பெயர்.

"ஏம்மா மார்லிஸ், இவன மாதிரியே இன்னொண்ணு பெத்திருக்கக் கூடாதா?" என்றான் எதிர்வீட்டு வெர்ஜில், வண்டிக்குப் பக்கத்திலேயே மூட்டிய அடுப்பில் சாசேஜைப் புரட்டியபடி.

"டேய், இந்த ஒருத்தனுக்கே என் தோள்பட்டை போச்சு," என்றார் என் கணவர் டுவேன். "ஆறு வயசுலேர்ந்து அவன் வீசுற பந்தைப் பிடிச்சவன்டா நான்."

"பயிற்சி ஆட்டத்துல அவனுக்குப் பச்சைச் சட்டை," என்றேன். "அதைப் போட்டிருந்தா, பந்து வீசுற குவார்ட்டர்பேக்கை யாரும் தொடக்கூடாதுன்னு விதி. இன்னிக்குத் தொடுவாங்க."

"தொடட்டுமே! அதுக்குள்ள பந்து பறந்திருக்கும்," என்று வெர்ஜில் என் தட்டில் இன்னொரு துண்டை வைத்தான். டுவேன் பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

தொட்டார்கள். மூன்று முறை மண்ணில் சாய்த்தார்கள். அதன்பின் கெல்லன் அவசர அவசரமாக வீசத் தொடங்கினான். இரண்டு பந்துகள் நேராக எதிரணிக்காரர்களின் கைக்குப் போயின. பயிற்சியாளர் கையிலிருந்த ஆட்டக்குறிப்பு அட்டையால் வாயை மூடிக்கொண்டு யாரிடமோ பேசினார்.

"ரீஸை இறக்கு!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். ரீஸ் மாற்று ஆட்டக்காரன், போன மாதம்தான் கல்லூரியில் சேர்ந்தவன். சற்று நேரத்தில் மைதானமே அந்தப் பெயரைக் கத்தியது. வெர்ஜில் தான் போட்டிருந்த பதினான்காம் எண் சட்டையைக் கழற்றி இருக்கைக்கடியில் போட்டான்.

களத்தைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் கெல்லன் எங்கள் வரிசையை அண்ணாந்து பார்த்து, தலைக்கவசத்தை இருமுறை தட்டுவான். பள்ளி நாளிலிருந்தே பழக்கம். அன்றும் பார்த்தான். கை பாதி தூரம் எழுந்து, அப்படியே இறங்கியது.

நான் திரும்பினேன். டுவேன் எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, எல்லோரோடும் சேர்ந்து, "ரீஸ்! ரீஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே கோபம் வரவில்லை. அவர் துணியில்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டதுபோல வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்த மனிதர். அந்த வாயை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆட்டம் தோற்று, கெல்லன் ஈரத்தலையோடு காருக்கு வந்தான். டுவேன் அவன் தோளைப் பிடித்தார்.

"விடுடா. இந்த ஜனங்களே இப்படித்தான். நாங்க உன் பக்கம்."

கெல்லன் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

"கோச் ஏன்பா எப்பவும் அட்டையால வாயை மூடிட்டுப் பேசறார், தெரியுமா?"

"ஏன்?"

"களத்துல நிக்கிற நாங்க எவ்வளவு தூரத்துலேர்ந்தும் உதட்டைப் படிச்சிருவோம்." அவன் பின்கதவைத் திறந்தான். "அடுத்த வாரம் நீங்களும் ஒரு அட்டை கொண்டு வாங்க."

டுவேன் என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்வேன் என்று. நான் மகனோடு பின்னால் ஏறிக்கொண்டேன்.