தலைகீழாக வைத்த பாட்டில்

மூன்று மாதத் தகுதிகாண் காலம் இன்று மாலையோடு முடிகிறது. இருக்கச் சொல்வார்களா, பையைத் தூக்கச் சொல்வார்களா என்பது ஒரே ஒரு வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்துக் கிடங்குக்காக எழுதும் செயலி, பாட்டில்களின் பார்கோடைப் படிக்க வேண்டும். அதை முதலிலிருந்து எழுத நேரமில்லை. யாரோ எழுதி இணையத்தில் பொதுவில் வைத்திருக்கும் நம்பகமான நிரல் நூலகம் ஒன்றைப் புதுசு கண்டுபிடித்துத் தரவேண்டும்.

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். புதுசு.

இரண்டைப் பொறுக்கியிருந்தாள். ஒன்றுக்கு, பிடித்தவர்கள் இணையத்தில் போட்ட நட்சத்திரங்கள் நாற்பதாயிரம். இன்னொன்றுக்குப் பதினொன்று.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? கண்ணை மூடிக்கிட்டுப் பெருசை எடு," என்றார் பக்கத்து நாற்காலி அண்ணன்.

"நீங்க எதைத்தான் கண்ணைத் திறந்து எடுத்திருக்கீங்க?" என்றார் குழுத் தலைவியான அக்கா, திரும்பாமலே.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த நூலகத்தையும் உள்ளே விடுமுன், அதை எழுதியவர்களிடம் ஓர் அசட்டுக் கேள்வி கேட்க வேண்டும். அசடுக்கு எப்படிப் பதில் சொல்கிறார்களோ, ஆபத்துக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. புதுசு நேற்றே இரண்டு இடத்திலும் கேட்டிருந்தாள். 'பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் படிக்குமா?'

பெரியதிலிருந்து இயந்திரப் பதில் வந்தது. 'விளக்கப் பக்கத்தைப் பார்க்கவும்.' கேள்வியை அதுவே மூடியும் விட்டது.

சின்னதை எழுதியவர் தன் கையாலேயே எழுதியிருந்தார். 'படிக்கும் என்றுதான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டபிறகு ஜாம் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். படிக்கவில்லை. தரையெல்லாம் ஜாம். மன்னிக்கவும்.'

அக்கா இரண்டு முறை படித்தார். உதடு ஓரம் லேசாக அசைந்தது.

"மனுஷன் நல்லவர்தான். ஆனா ஒத்த ஆள். நாளைக்கே அலுத்துப்போய் விட்டுட்டுப் போயிட்டா, கிடங்குக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"மொத்தமே அறுநூறு வரிதான்க்கா. முழுசாப் படிச்சிட்டேன்."

"படிச்சவங்க ஆயிரம் பேர். அவர் சரிபண்றதுக்குள்ள நீ சரிபண்ணு, பார்ப்போம்."

புதுசு சாப்பிடப் போகவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனாள். மூன்று மணிக்குப் பிடிபட்டது. தலைகீழாக வந்த எண்களைத் திருப்பிப் போடுவதற்கு முன்பே, அவை சரிதானா என்று நிரல் கணக்குப் பார்த்துவிடுகிறது. எப்படிச் சரியாக வரும்? இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். இருமல் மருந்து பாட்டில் ஒன்றின் மூடியை இறுக்கிவிட்டுக் கவிழ்த்தாள்.

பீப்.

"மூடியை இறுக்கினது அதைவிடப் பெரிய புத்தி," என்றார் அண்ணன்.

திருத்தத்தை அனுப்பினாள். அரைமணியில் பதில் வந்தது. 'நானும் சரிசெய்துவிட்டேன், நாற்பது வரியில். உங்களுடையது இரண்டே வரி. என்னுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சாவி ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். இனி என்னைக் கேட்காமலே திருத்தலாம்.'

அக்கா அதைப் படித்தார். மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதி அனுப்பிவிட்டு, திரையைப் புதுசின் பக்கம் திருப்பினார்.

'கிடங்குக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த ஆள் இங்கேயே இருக்கட்டும்.'

"கிடங்குல எட்டு மணிக்கே திறந்துடுவாங்க," என்றார். "நாளைக்கு நேரா அங்க வந்துடு."