சூடம் காட்டிய கண்

சூரியனைப் படம் பிடிக்க வானத்துக்குப் போகவிருந்த கேமராவின் கண் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. நம் கண்ணுக்குத் தட்டுப்படாத புற ஊதாக் கதிரைப் பார்க்கிற கண் அது. மூன்று வருடமாக அதில் தூசி படாமல் காத்தவன் சிங்காரவேலு. செயற்கைக்கோளில் பொருத்துவதற்காக மெட்ராஸிலிருந்து தெற்கே இருந்த விண்வெளி மையத்துக்கு ஜீப்பில் அதைக் கொண்டுபோகும் வழியில், பெரம்பலூரில் நிறுத்தினார்கள். விஞ்ஞானி காசிநாதன் சாப்பிடப் போனார். சிங்காரவேலு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த அக்கா முத்தாயி வீட்டுக்குப் போனான். அக்காவிடம் பெருமையடித்துக்கொள்ளாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளுமா?

புது மோட்டாரோ புது சைக்கிளோ, முத்தாயி சூடம் காட்டாமல் எதையும் வாசல் தாண்ட விட்டதில்லை.

“தொறந்து காட்டு தம்பி. மூடி வச்ச பொட்டிக்கா சூடம் காட்டுறது?”

வழியில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. ஒரு நிமிஷந்தானே என்று திறந்தான். முத்தாயி சூடத்தட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள். கரும்புகை சுருண்டு பெட்டிக்குள் இறங்கியது.

ஜீப்புக்குத் திரும்பியதும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்வதுபோல, பெட்டிக்குள் இருந்த புற ஊதாச் சோதனை விளக்கைப் போட்டு, கண் எவ்வளவு பார்க்கிறது என்று மீட்டரைப் பார்த்தான். காலையில் தொண்ணூறில் நின்ற முள் ஐம்பதைத் தாண்டவில்லை. பார்வைக்குக் கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அந்தக் கதிருக்குப் புகைப்படலம் ஒரு சுவர். துடைத்தால் மேல்பூச்சு கீறிப்போகும். விட்டாலோ, மேலே போனதும் வெயில் அந்தப் படலத்தைச் சுட்டுச் சுட்டு இறுக்கும். கண் நாளுக்கு நாள் குருடாகும்.

காசிநாதன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். “ரீடிங் எவ்வளவுப்பா?”

உண்மையைச் சொன்னால் ஜீப் இங்கேயே திரும்பும். குறித்த நாள் தவறும். வேலையும் போகும். கட்டுச்சோற்றோடு முத்தாயி வேறு பக்கத்தில் வந்து நின்றாள்.

“தொண்ணூறு சார்.”

அவர் மீட்டரைப் பார்க்காமலே எழுதிக் கையெழுத்துப் போட்டார். “நீ பாத்தா நான் பாத்த மாதிரி.”

முத்தாயி தம்பியின் நெற்றியில் திருநீறு பூசினாள். “சூடம் காட்டியாச்சு. இனி ஒரு கொறையும் வராது. போயிட்டு வா.”

ஜீப் திருச்சி ரோட்டில் ஏறியது. மடியிலிருந்த பெட்டியின் மேல் உச்சி வெயில் விழுந்தது. சிங்காரவேலு தோளிலிருந்த துண்டை எடுத்து அதைப் போர்த்தி மூடினான்.