நடுவில் ஒரு தழும்பு

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்வதுதான் என் பிழைப்பு. தம்பி என்னைப் 'போட்டோக்காரி' என்பான். அவனுடைய படமே ஒருநாள் என் திரைக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

அவனுக்கு ஒரு நோயும் கிடையாது. அவன் மனைவிக்குத்தான் சிறுநீரகங்கள் பழுதாகி, டயாலிசிஸ் இயந்திரத்தோடு வாழ்க்கை. தன்னுடையதில் ஒன்றை அவளுக்குக் கொடுப்பதற்காக ஸ்கேனில் படுத்தான். கல்யாணத்துக்குப் பார்க்காத பொருத்தமெல்லாம் இப்போது பார்க்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

இடது சிறுநீரகத்தின் நடுவில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. வழவழப்பான விளிம்பு, உள்ளே ஒரே சீரான நிறம், மையத்தில் நட்சத்திர வடிவில் ஒரு தழும்பு. அதை நோக்கி ரத்தக் குழாய்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஓடின. அபூர்வமாக வரும் சாதுவான கட்டி ஒன்று அப்படித்தான் இருக்கும். பாழாய்ப்போன புற்றும் சில சமயம் அதே வேஷம் போடும்.

சொந்தக்காரர்களின் படத்துக்கு நாங்கள் அறிக்கை எழுதுவதில்லை. எழுத வேண்டிய சக மருத்துவரிடம் போய் நின்றேன். சாதுவான கட்டி என்று எழுதக் கூடாதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க தம்பியா இல்லன்னா, நீங்க அப்படி எழுதுவீங்களா?"

மாட்டேன். புற்று இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் எழுதுவேன். அவரும் அதையே எழுதினார். ஊசியால் குத்தி எடுத்த சதைத் துணுக்கும் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. கட்டியை மட்டும் வெட்டியெடுக்கவும் வழியில்லாத இடம். சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள்.

சோதித்துப் பார்த்தால், சாதுவான கட்டிதான். வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

செய்தி சொல்லப் போனபோது தம்பி, ஆபரேஷன் புண் ஆறாத வயிற்றோடு, டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருந்த மனைவியின் அருகே உட்கார்ந்திருந்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இவருக்கு ஒண்ணும் இல்லையே, அது போதும் அண்ணி."

மிச்சமிருக்கும் ஒன்றை இனி யாரும் அவனிடமிருந்து எடுக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். தம்பி, சிவப்பாக ஓடும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது கெட்டது இல்லன்னு எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்காதா?"

"எடுத்தாத்தான்டா தெரியும்" என்றேன்.